மலையா, மழையா: கட்டுரைத் தாளுக்கு எந்தத் தராசு?

"மழை மேல் மழை பெய்தது."

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய வரி இது. சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூரிலிருந்து வந்து, சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். 'எங்கள் ஊருக்குப் போகும் வழி' என்பது தலைப்பு. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் குளிர ஆரம்பிக்கும், எங்கே ஓட்டுநர் ஆரனை நீட்டி அடிப்பார், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி பஸ் சன்னலிலிருந்து எப்படித் தெரியும் என்றெல்லாம் எழுதியிருந்தான். 'மலை' என்று வரவேண்டிய இடங்கள் பதினொன்றிலும் 'மழை' என்றே எழுதியிருந்தான்.

20 மதிப்பெண் கட்டுரைக்கு நான் 15 போட்டேன். அதே தாளுக்கு நண்பர் போட்டது 8. இருவரும் தமிழாசிரியர்கள், ஆண்டுக்கணக்கில் தாள் திருத்தியவர்கள். அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில் 24 தாள்களையும் பெயர் தெரியாதபடி மடித்து ஒட்டி, தனித்தனியே திருத்திவிட்டுப் பட்டியலை ஒப்பிட்டபோதுதான் இது தெரிந்தது. அதன்பின் நான்கு வாரச் சனிக்கிழமைகள் அதே தாள்களை வேறு வேறு முறைகளில் திருத்திப் பார்த்தோம். எந்த முறை தேறியது, எது தேறவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் முறை. தாளை ஒருமுறை முழுக்கப் படிப்பது, மனத்தில் பட்ட எண்ணைப் போடுவது. வேகமானது, ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் போதும். எழுத்தில் உயிர் இருந்தால் அதை விட்டுவிடாது. ஆனால் அந்த எண் தாளுக்கு உரியதா, அன்றைய எனக்கு உரியதா என்பதுதான் சிக்கல். அதே 24 தாள்களை இரண்டு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி திருத்தினேன். ஆறு தாள்களில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் மாறியிருந்தது. அருமையான தாள் ஒன்றை முடித்த கையோடு எடுத்த தாள்கள்தான் பெரும்பாலும் அடி வாங்கியிருந்தன.

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல என்பதில் ஓர் ஆறுதல். அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1912ஆம் ஆண்டிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவரின் ஆங்கிலத் தாள் ஒன்றைப் படியெடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு 100க்கு 64 முதல் 98 வரை வந்தது.

நண்பரின் முறை இதற்கு நேர் எதிர். கருத்துக்கு ஒரு தொகை வைத்துக்கொண்டு, பிழைக்கு அரை மதிப்பெண் வீதம் கழிப்பார். நம் பள்ளிகளில் பரவலாக உள்ள வழக்கம்தான். யார் எண்ணினாலும் பிழையின் எண்ணிக்கை ஒன்றாகவே வரும் என்பது அதன் பலம். கணக்கைக் காட்டினார்: கருத்துக்கு 14½; 'மழை' பதினொரு முறைக்கு 5½ போயிற்று; வேறு இரண்டு பிழைகளுக்கு 1. மிச்சம் 8.

"ஐயா, அவனுக்குத் தெரியாதது ஒரே ஒரு சொல். பதினொரு முறை தண்டிக்கலாமா?" என்றேன்.

"பதினொரு முறை எழுதியிருக்கிறானே" என்றார்.

இதில் நண்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'பிழைக்கு அரை' என்ற விதி, திரும்ப வரும் பிழையை என்ன செய்வது என்று சொல்வதில்லை. ஒரே சொல்லை ஒரே பிழையாகக் கொண்டால் அதே தாளுக்கு 13 வரும். விதியில் ஒரு வரி இல்லாததால் ஐந்து மதிப்பெண். 35இல் தேர்ச்சி நிற்கும் தாளில் அந்த ஐந்து என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த முறையில் பிழைக்கு அஞ்சுகிற மாணவன் தெரிந்த சொற்களை மட்டும் வைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதித் தப்பித்துக்கொள்வான். துணிந்து எழுதுகிறவன்தான் மாட்டுவான். எண்ணிக்கை துல்லியமாக இருக்கும். அது எழுத்துத் திறனின் அளவுதானா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது, கூறு கூறாகப் பிரித்து மதிப்பெண் போடுவது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களின் கட்டுரைக்காக 1981இல் வந்த அளவுகோல் ஒன்று இன்றும் பேசப்படுகிறது: உள்ளடக்கம் 30, அமைப்பு 20, சொல்வளம் 20, மொழிப் பயன்பாடு 25, எழுத்துப்பிழையும் நிறுத்தக்குறியும் சேர்த்து 5. இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். "எழுத்துப்பிழைக்கு நூற்றுக்கு ஐந்துதானா? ல, ள, ழ மாறினால் பொருளே மாறிவிடும் மொழிக்கு இது ஆகுமா?" நியாயமான கேள்வி. அந்த விகிதத்தை அப்படியே நம் தாளில் ஒட்ட முடியாது. கருத்து 6, கோவை 4, சொல் 4, தொடரமைப்பு 3, எழுத்து 3 என்று நாங்களே 20ஐப் பங்கிட்டுக்கொண்டோம். எழுத்துக்கான மூன்று தீர்ந்துவிட்டால் அதற்கு மேல் கழிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

மலை மாணவனின் தாளுக்கு என் கணக்கில் 14½, நண்பர் கணக்கில் 13. ஏழாக இருந்த இடைவெளி ஒன்றரை ஆனது. "உன் கருத்து நன்று, ழகரம்தான் வீழ்த்துகிறது" என்று அவனிடம் காட்டவும் முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே இம்முறை பிடித்துப்போயிற்று.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. மூன்றாம் வாரம் என் கையையே நான் பிடித்தேன். மொத்தம் 16 என்று மனத்தில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப ஐந்து கட்டங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தால் 'கோவை'யும் கூடிவிடுகிறது. ஒரு நல்ல குணம் மற்ற மதிப்பீடுகளின் மேலெல்லாம் வெளிச்சம் பாய்ச்சுவதை எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920இலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். இதற்கு மருந்து சலிப்பானது: 24 தாள்களுக்கும் முதலில் கருத்துக்கு மட்டும் போட வேண்டும், பிறகு கட்டின் வரிசையைக் கலைத்து, கோவைக்கு மட்டும், இப்படியே ஐந்து சுற்று. நேரம் இரட்டிப்பாகும். காப்பியும் இரட்டிப்பாகும்.

இதைவிடப் பெரிய ஓட்டை நகர மாணவன் ஒருவனின் தாளில் தெரிந்தது. குறிப்புச்சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், இரண்டு குறள், முடிவுரை எல்லாம் பிசகாமல் இருந்தன. எங்கள் கட்டங்களில் 18½ வாங்கியது. அதே வாக்கியங்கள் வேறு இரண்டு தாள்களிலும் இருப்பதைப் பிறகுதான் கவனித்தோம். மூவரும் ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்திருந்தார்கள். 'ஊருக்குப் போகும் வழி' என்ற தலைப்புக்குப் 'பயணத்தின் பயன்கள்' கட்டுரையை வளைத்திருந்தார்கள். சொந்தமாக எழுதினானா என்று கேட்க ஐந்து கட்டங்களில் ஒன்றுகூட இல்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது நான்காவது முறை. மதிப்பெண்ணே போடாமல், இரண்டு தாள்களை அருகருகே வைத்து, எது நல்ல எழுத்து என்று மட்டும் சொல்வது. ஒன்றுக்கு எண் தருவதைவிட இரண்டில் ஒன்றைத் தேர்வது மனிதருக்கு எளிது. இதற்கான கணித அடிப்படையை 1927இல் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் தந்தார். 24 தாள்களுக்கு எல்லா ஜோடிகளையும் பார்த்தால் 276 ஒப்பீடுகள். ஒவ்வொரு தாளும் பத்து முறை வந்தால் போதும் என்று வைத்து, 120இல் நிறுத்திக்கொண்டோம். மலை மாணவனின் தாளும் 18½ வாங்கிய தாளும் ஜோடியாக வந்தபோது நானும் யோசிக்கவில்லை, பிழையை எண்ணுகிற நண்பரும் யோசிக்கவில்லை. இருவரும் தொட்டது பஸ் சன்னல் தாளை.

"மழை மேல் மழை என்கிறானே ஐயா?" என்று சீண்டினேன்.

"இருக்கட்டும். அவன் பஸ்ஸில் போயிருக்கிறான். இவன் எங்கேயும் போகவில்லை" என்றார்.

தரவரிசைக்கு இதைவிட நேர்மையான முறையை நான் பார்க்கவில்லை. ஆனால் மாணவனிடம் கொடுக்க இதில் ஒன்றுமில்லை. 'நீ ஒன்பதாவது' என்பதை வைத்துக்கொண்டு அவன் என்ன திருத்திக்கொள்வான்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தந்தை ஒருவர், மகனின் தாளை நீட்டி, "வெள்ளிக்கு டச், அதாவது சுத்தம், இத்தனை என்றால் எத்தனை கலப்பு என்பதும் தெரிந்துவிடும் சார். இந்த 12இல் கலப்பு எது?" என்று கேட்டார். ஜோடி முறையில் அவருக்குப் பதில் கிடையாது. கூறுவாரி முறையில் உண்டு.

வகுப்பில் முதல் மூவருக்கு மட்டும் 'ஏ' என்கிற பங்கீட்டு முறையைச் சோதிக்கவே இல்லை. பக்கத்து மாணவன் நன்றாக எழுதியதற்கு இவன் தரம் குறைவது அளவீடு ஆகாது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை 2017இல் நிறுத்தியாகிவிட்டது. வகுப்பறையில் அதை வளர்ப்பானேன்?

கட்டுரைக்கு வெளியே, சராசரி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மாலையில் தமிழ் சொல்லித்தருகிறேன். ஒருவர் நான்கு மாதத் தேர்வுகளில் 4, 9, 14, 17 வாங்கினார். இன்னொருவர் நான்கிலும் 11. இருவருக்கும் சராசரி 11. முதலாமவர் இன்று பூ மார்க்கெட்டில் முழம் பேசி வாங்குகிறார். இரண்டாமவர் விரல் காட்டுகிறார். மொழி வகுப்பில் பழைய அறியாமையைச் சேர்த்துக் கூட்டி வகுப்பது பொய்க் கணக்கு. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஆறு படிநிலைகள், ஏ1 முதல் சி2 வரை, 'இவரால் இப்போது என்ன செய்ய முடியும்' என்றே கேட்கின்றன. பெரியவர்களின் வகுப்பில் நான் அதற்கு மாறிவிட்டேன்.

பள்ளித் தாளுக்கு இப்போது எங்கள் வழக்கம் இது. பெயரை மறைப்போம். கூறுவாரியாகத் திருத்துவோம், ஒரே சொல்லின் பிழைக்கு ஒரே முறைதான் கழிவு. கருத்துக்கான ஆறில் இரண்டைச் 'சொந்தக் கண்' என்று பிரித்துவிட்டோம். மதிப்பெண் போட்ட பிறகு, ஐயம் தருகிற ஏழெட்டுத் தாள்களை மட்டும் ஜோடியாக வைத்துப் பார்ப்போம். எண் ஒன்று சொல்லி, கண் வேறு சொன்னால், தாளை மறுபடி படிப்போம்.

மலை மாணவனிடம் ழகரத்தை இரண்டு வாரம் எழுதி எழுதிப் பழக்கினேன். அடுத்த கட்டுரையில் 'மலை' ஒரு இடத்திலும் தவறவில்லை. அப்பாவோடு தோட்டத்துக்குப் போனதை எழுதியிருந்தான். திருத்தத்தின் வேகத்தில் வேறொன்று சறுக்கியிருந்தது: "காப்பிப் பலம் பறித்தோம்." ஆறு இடங்களில் பலம்.

அரை மதிப்பெண் குறைத்தேன், ஒரே ஒரு முறை.