பத்திரமாகக் கழற்றுகிறோம் என்று பணம் வாங்கி, சுத்தியலால் உடைத்தார்கள்

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றப் போகிறவர்கள் ஆள் பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் மாடி அறைக்கு 1987-ல் அப்பா போட்ட ஷீட். வெயிலிலும் மழையிலும் கிடந்து மேல்பக்கம் பொரிந்துவிட்டது. தொட்டால் மாவு மாதிரி கையில் ஒட்டும். தகர ஷீட்டுக்கு மாற்ற காண்ட்ராக்டர் ஒருவரிடம் பேசினோம். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, கனமான பாலித்தீனில் சுற்றி எடுத்துப்போக வேண்டும் என்று சொன்னேன். அதற்கென்றே தனியாக 6,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்.

மதியம் வேலையிலிருந்து வந்து பார்த்தால், போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்று ஷீட்டையே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவருக்குள் மாட்டிய துண்டுகளைக் கட்டிங் மெஷினால் அறுத்தார்கள். கொடியில் காய்ந்த துணி, மூடாத தண்ணீர்த் தொட்டி, மகளின் படிப்பு மேசை, எங்கும் வெள்ளைத் தூசி. வேலை செய்த இரண்டு பையன்கள் முகத்தில் கைக்குட்டைகூட இல்லை. இருபது வயதுதான் இருக்கும். என்னால் அதைத்தான் மறக்க முடியவில்லை.

"இத்தனை வருஷம் இதுக்குக் கீழதானே சார் படுத்தீங்க, என்ன ஆச்சு?" என்றார் காண்ட்ராக்டர். பொரியாத, உடையாத ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமெண்டுக்குள் பிடிபட்டுக் கிடக்கும். மேல்பக்கம் பொரிந்தால் கொஞ்சமும், உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் நிறையவும் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும். நோய் தலைகாட்ட 20 முதல் 40 வருஷம்கூட ஆகும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் இன்னும் விற்கிறார்களே என்று கேட்கலாம். பல நாடுகள் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் இறக்குமதி செய்கிறோம்.

வேலையை நிறுத்தினேன். தூசியைத் துடைப்பத்தால் பெருக்கவில்லை. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டினோம். தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டோம். மிச்சமிருந்த ஷீட்டுகளை நான் நின்று பார்க்கவே இறக்கினார்கள். கழலாத போல்ட்டை போல்ட் கட்டரால் வெட்டினாலே போதும், ஷீட்டில் கை வைக்க வேண்டியதில்லை. பையன்களுக்கு என்95 மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன், ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு அது போதாது, இன்னும் நுண்ணியதை வடிகட்டும் பி100 மாஸ்க்தான் வேண்டும். பழைய ஷீட் மேல் யாரையும் ஏறவிடாதீர்கள், பொத்துக்கொண்டு ஆள் கீழே விழுந்துவிடுவார்.

அப்புறம்தான் தெரிந்தது, உடைந்த துண்டுகளைக் கண்மாய்க் கரையில் கொட்டியிருக்கிறார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். முதல் ஷீட் இறங்குவதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். என் 6,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு மூன்று வாரமாகிறது, காண்ட்ராக்டர் போனே எடுப்பதில்லை.