கருமணலா, கடல்நீரா?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நின்றால், அணுக்கருவைப் பிளந்தும் இணைத்தும் ஆற்றல் எடுப்பதற்கான இரண்டு எரிபொருள்களும் கண்ணெதிரே கிடக்கும். காலடியில் கருமணல், அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கன உலோகம். முன்னால் கடல், ஒவ்வொரு கன மீட்டர் நீரிலும் ஏறக்குறைய 33 கிராம் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன்.

தோரியம் எளிதில் பிளக்காது. நியூட்ரானை விழுங்கி யுரேனியம்-233 ஆன பிறகே பிளக்கும். ஒரு பிளவுக்குக் கிடைக்கும் ஆற்றல், அணு அளவிலான அலகில், சுமார் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

டியூட்டீரியமும், அதைவிடக் கனமான ஹைட்ரஜனான டிரிட்டியமும் இணைந்து ஹீலியமும் ஒரு நியூட்ரானும் ஆனால், அதே அலகில் 17.6 தான். ஆனால் அந்தக் கருக்கள் எவ்வளவு லேசானவை! எடைக்கு எடை பார்த்தால் இணைவு சுமார் நான்கு மடங்கு தருகிறது. இணைந்தபின் நிறை கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஆற்றலாக வருகிறது. அதில் 14.1-ஐ நியூட்ரான் கொண்டுபோய்ச் சுவரைச் சூடாக்கும். மீதி 3.5 ஹீலியத்திடம். மின்னூட்டம் இருப்பதால் அது, எரிபொருளைப் பிடித்துவைக்கும் காந்தப்புலத்துக்குள்ளேயே சுழன்று பிளாஸ்மாவுக்கு, அதாவது மின்னூட்டம் பெற்ற அந்தச் சூடான எரிபொருள் வாயுவுக்கு, சூட்டைக் கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, சிக்கல்? நேர்மின் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். அதை மீற 10 கோடி டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். டிரிட்டியமும் கடலில் அள்ளக் கிடைக்காது. லித்தியத்திலிருந்து உண்டாக்க வேண்டும்.

இன்றைக்கே மின்சாரம் வேண்டுமென்றால் பிளவுதான். பக்கத்தில் கூடங்குளம் யுரேனியத்தில் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காக்க வேண்டிய அதன் கழிவை நினைத்தால், என் மனம் கடல் பக்கம்தான் சாய்கிறது.