பழைய மெசேஜ் தேடுறதுக்கு எது பெஸ்ட்: ஜிமெயிலா, டெலிகிராமா, வாட்ஸப் டெக்ஸ்ட் ஃபைலா?

கோத்தகிரி பக்கம் எங்க சிறு தேயிலை விவசாயிங்க வாட்ஸப் குரூப்ல பல வருஷ மெசேஜ் குவிஞ்சு கெடக்கு, டீ போர்டு மாசாமாசம் அறிவிக்கிற பச்சை தேயிலை விலை, மருந்து விவரம், மானிய சர்க்குலர், கல்யாணம், சாவுன்னு எல்லாம் ஒண்ணா. மழை புடிச்சா "போன தடவ கொப்பள நோய்க்கு என்ன அடிச்சோம்"னு யாராவது கேப்பாங்க (தேயிலை இலைல கொப்பளமா வர்ற நோய் அது), அத தேடி எடுக்கத்தான் மூணு வழியும் பாத்தேன், இப்ப டெக்ஸ்ட் ஃபைல்லயே செட்டில் ஆயிட்டேன்.

ஜிமெயில் மோசமில்ல. அனுப்புனவங்க பேரு, ரெண்டு தேதிக்கு நடுவுல, அட்டாச்மெண்ட் இருக்கறது மட்டும்னு வடிகட்டலாம், மேற்கோள் குறிக்குள்ள போட்டா அந்த வரிசையிலயே வர்ற வார்த்தைங்கள தேடும், மைனஸ் போட்டா வேண்டாதத தள்ளிடும். பிடிஎஃப் சர்க்குலருக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. டெலிகிராம்ல புதுசா சேர்றவங்களும் பழைய மெசேஜ பாக்கற மாதிரி வைக்கலாம், ஒரே ஆள் போட்டத மட்டும் தேடலாம், அது பெரிய வசதி. ஆனா தேட நெட் வேணும், மஞ்சூர் பக்கம் மழைல சிக்னல் போனா கஷ்டம். அத நான் ரொம்ப நாள் ஓட்டல, அதனால இதுக்கு மேல சொல்றது நியாயமில்ல.

நான் முடிவு பண்ணது ஒரே ஒரு விஷயத்தாலதான், தமிழ் சொல்லோட வால். ஜிமெயில் முழுச் சொல்லாத்தான் பாக்கும், "விலை"ன்னு தேடுனா "விலைய", "விலைக்கு", "விலையில்ல" எல்லாம் விட்டுப்போகும். நம்ம ஆளுங்க யாரு வாலில்லாம எழுதறாங்க? இதுல ஒருத்தர் கொப்பளம்பாரு, இன்னொருத்தர் கொப்புளம்பாரு. தேதிய வச்சு சுருக்கலாம்னா அதுவும் இங்க ஒத்துவராது, குந்தா பக்கம் ஜூன் ஜூலைல தென்மேற்கு மழை அடிச்சு ஊத்தும், கோத்தகிரி குன்னூர் பக்கம் ஐப்பசி மழைதான் பெருசு, ஒரே நோய் வேற வேற மாசத்துல பேசப்படும்.

வாட்ஸப்ல எக்ஸ்போர்ட் சாட் குடுத்து, மீடியா இல்லாம எடுத்தா ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும், ஒவ்வொரு மெசேஜும் தேதி, பேரோட ஆரம்பிக்கும். அத கம்ப்யூட்டர்ல நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல தொறந்து "கொப்"னு மட்டும் தேடி ஃபைண்ட் ஆல் குடுங்க, ரெண்டு ஸ்பெல்லிங்கும் எல்லா வாலோடயும் வரிசையா கீழ வந்து நிக்கும், நெட்டே வேணாம். வாட்ஸப்புக்குள்ளயே தேடுனா ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு போய்ப் பாக்கணும், இங்க மொத்தமும் ஒரே பார்வை. ரொம்ப சின்னதா வெட்டுனா மட்டும் குப்பை சேரும், "மர"ன்னு தேடுனா சில்வர் ஓக் மரத்தோட "மருந்து"ம் சேர்ந்து வரும், ஏன்னா கம்ப்யூட்டருக்கு "ரு"ங்கறது ர-வும் உகரக் குறியும் தனித்தனி. மரத்தப் பத்தி வேணும்னா "மரம்", "மரத்"னு ரெண்டு தடவ தேடிடுங்க. சில பழைய கீபோர்டுல "கொ"வ ஒற்றைக் கொம்பு, கால்னு ரெண்டா அடிச்சிருப்பாங்க, கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், தேடலுக்கு சிக்காது, அப்ப நடு எழுத்த வச்சு "ப்பள", "ப்புள"ன்னு தேடுங்க. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு தடவ தேடணும், அதுக்கு மூணு வழிலயும் விடிவு இல்ல.

மெயின்டனன்ஸ்தான் இதோட குறை. எக்ஸ்போர்ட் தானா நடக்காது, மீடியா இல்லாம ஒரு தடவைக்கு கடைசி 40,000 மெசேஜ் வரைக்கும்தான் வரும், அதனால மாசம் ஒருக்கா எடுத்து தேதி போட்டு சேர்த்து வைங்க. எல்லாரோட பேரும், சேவ் பண்ணாதவங்க நம்பரும் அதுல இருக்கும், ஃபைல வெளிய அனுப்பாதீங்க.

பெரியவங்க வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்பறாங்க, ஃபைல்ல அது வெறும் மீடியான்னுதான் பதிவாகும். அதனால எங்க குரூப்ல வாய்ஸ் வந்தா அதுக்கு ரிப்ளையா "கொப்பள நோய், மருந்து அளவு"ன்னு ஒரு வரி யாராவது டைப் பண்ணிடறோம்.