டாஸா, சிட்டி கோல்ஃபா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பழைய கார் தேடினால் இரண்டு பெயர்கள்தான் அடிபடும்: 2006 வரை டர்பனில் தயாரான டொயோட்டா டாஸ் 1.3, 2009 வரை யூட்டன்ஹேகில் தயாரான ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் 1.6 இன்ஜெக்ஷன்.

டாஸில் 2ஈ இன்ஜின். 12 வால்வு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல் காய்ந்து இறுகி, எண்ணெய் கசியவிடுகிறது என்று அர்த்தம். ஓடிப்போக வேண்டாம், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கோல்ஃப் 1,595 சிசி, 8 வால்வு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் இதுதான் சுகம். ஆனால் சிலிண்டர் ஹெட்டில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய் சேரும் பிளாஸ்டிக் மூட்டு நாளாக ஆக விரிசல் விடும். டார்ச் அடித்து, காய்ந்த கறை இருக்கிறதா பாருங்கள். கவனிக்காமல் சூடேறவிட்டால் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீலான ஹெட் கேஸ்கட்டும் போகும்.

வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் இரண்டிலும் உண்டு. மாற்றிய ரசீது இல்லையா, முதல் செலவு அதுதான்.

சரி, என் ஓட்டு டாஸுக்கு. கோல்ஃபின் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனில் கோளாறு பார்ப்பது போல, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ லேப்டாப் வேண்டாமே!