கெட் ஸ்மார்ட்: 138 எபிசோடில் எதைப் பார்க்கலாம், எதைத் தாண்டலாம்

ரகசியம் பேச வேண்டும். மேலேயிருந்து இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் போன்ற பிளாஸ்டிக் மூடிகள் இறங்குகின்றன, நடுவே இரண்டையும் இணைக்கும் குழாய். ஒன்றுக்குள் உளவாளியின் தலை, இன்னொன்றுக்குள் அவனுடைய மேலதிகாரியின் தலை. மூடி இறங்கியதும் இருவரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. சில எபிசோடுகளில் இன்னும் மோசம்: வெளியே நிற்பவருக்கு எல்லாமே தெளிவாகக் கேட்கிறது.

இதுதான் அமெரிக்க உளவு நகைச்சுவைத் தொடர் ‘கெட் ஸ்மார்ட்’டின் ‘கோன் ஆஃப் சைலன்ஸ்’, அதாவது மௌனக் கூம்பு. இந்தக் காட்சியில் மூடியைப் பார்க்காதீர்கள், மேலதிகாரியான சீஃபின் முகத்தைப் பாருங்கள். இது வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும். போன தடவையும் வேலை செய்யவில்லை. ஆனால் உளவாளி மேக்ஸ் விடமாட்டான், ரகசியத்தை இதற்குள்தான் பேச வேண்டும் என்று விதி இருக்கிறதே! பெருமூச்சு விட்டுக்கொண்டே சீஃப் பொத்தானை அழுத்துகிறார். அந்தப் பெருமூச்சில்தான் மொத்தத் தொடரும் ஓடுகிறது. முட்டாள் ஒருவன் துள்ளினால் சிரிப்பு வந்துவிடாது. அவனைச் சுற்றி நிற்பவர்கள் கண்ணும் கருத்துமாக வேலை பார்க்க வேண்டும், அவனும் தன்னை மகா கெட்டிக்காரன் என்று நம்ப வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த எபிசோடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. ஒன்று குறைந்தாலும் படுத்துவிடுகின்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெல் புரூக்ஸ், பக் ஹென்றி இருவரும் உருவாக்கியது. 1965 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. நான்கு சீசன் அங்கே, கடைசி சீசன் மட்டும் சிபிஎஸ்ஸில், 1970இல் முடிந்தது. முதல் இரண்டு சீசனில் தலா 30 எபிசோட், பிறகு தலா 26. நல்லவர்களின் அமைப்பு ‘கன்ட்ரோல்’, கெட்டவர்களின் அமைப்பு ‘கேயாஸ்’. இரண்டும் எல்லாமே பெரிய எழுத்தில் எழுதப்படும் பெயர்கள், ஆனால் எதற்கும் விரிவாக்கம் கிடையாது. உளவு அமைப்பு என்றாலே சுருக்கெழுத்தாக இருக்க வேண்டும் என்ற அந்தக் காலத்து மோகத்துக்கு விழுந்த குட்டு அது.

ஏஜென்ட் 86 மேக்ஸ்வெல் ஸ்மார்ட்டாக டான் ஆடம்ஸ். மூக்கால் வெட்டி வெட்டிப் பேசும் அந்தக் குரல் வில்லியம் பவல் என்ற பழைய நடிகரின் பேச்சை ஊதிப் பெரிதாக்கியது. இந்தத் தொடருக்கு முன்பே ‘தி பில் டானா ஷோ’வில் ஒரு ஹோட்டல் துப்பறிவாளனுக்கு ஆடம்ஸ் இதே குரலைக் கொடுத்திருந்தார். பின்னாளில் ‘இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்’ கார்ட்டூனிலும் பேசியது அதேதான். 1967, 68, 69 என்று மூன்று வருடம் வரிசையாக எம்மி விருது வாங்கினார். சீஃபாக வந்த எட்வர்ட் பிளாட்டுக்கு ஒரு விருதுகூட இல்லை என்பது அநியாயம். 1959இல் ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் வக்கீலாக வந்த அதே விறைப்பான முகத்தை இங்கேயும் கொண்டுவந்தார். நகைச்சுவை நடிகர் எவராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கூம்பும் மூடியும் வெறும் விளையாட்டுச் சாமானாகப் போயிருக்கும்.

முதல் எபிசோட் ‘மிஸ்டர் பிக்’. ஹோவர்ட் மோரிஸ் இயக்கியது, தொடரிலேயே கறுப்பு வெள்ளையில் இருப்பது இது ஒன்றுதான். கலர் இல்லையே என்று தள்ளிவிடக் கூடாது. ஷூ போன், கூம்பு, மேக்ஸின் ஜோடி உளவாளியான ஏஜென்ட் 99இன் அறிமுகம் எல்லாம் இதில்தான். இசை அரங்கில் நிசப்தமாக எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மேக்ஸின் காலிலிருந்து மணி அடிக்கிறது. 1965இல் அரங்குக்குள் போன் அடிப்பதே நடக்காத காரியம், அதனால்தான் சிரிப்பு. இன்று பார்ப்பவருக்கு அந்தப் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: பேசுவதற்கு ஷூவைக் கழற்ற வேண்டும், கழற்றினால் ஒற்றைக் காலில் நொண்ட வேண்டும்.

இதே எபிசோடில்தான் ‘வுட் யூ பிலீவ்’ வசனம் தன் முழு வடிவத்தில் வருகிறது. எதிரியின் படகில் சிக்கிக்கொண்ட மேக்ஸ், ஏழு கடலோரக் காவல் கப்பல்கள் நம்மைச் சுற்றி வளைக்கின்றன, நம்புவீர்களா என்று மிரட்டுகிறான். நம்புவது கஷ்டம் என்கிறார் வில்லன். ஆறு? ஊஹூம். துடுப்புப் படகில் இரண்டு போலீஸ்காரர்கள்?

இந்த மூன்று படிகளையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏழிலிருந்து ஆறு என்பது வெறும் ஒரு எண் குறைவு. சந்தையில் பேரம் பேசுகிறவன் ஒரு ரூபாய் குறைப்பது மாதிரி, பொய்யை விட மனமில்லாமல் ஓரத்தைக் கிள்ளிப் பார்க்கிறான். அதற்குப் பிறகு மொத்தமாக விழுகிறான். இரண்டாவது படி சிறிதாக இருப்பதால்தான் மூன்றாவது சறுக்கல் பெரிதாகிறது. அப்போதும் குரலில் துளி வெட்கம் கிடையாது. பிந்தைய சீசன்களில் இந்த வசனம் சப்பென்று போவதற்குக் காரணம், எழுதியவர்கள் இரண்டாம் படியிலேயே அபத்தத்துக்குப் போய்விடுவதுதான். விழ இடமே மிச்சமில்லை.

முதல் சீசனில் தவறவிடக் கூடாதது ‘ஷிப் ஆஃப் ஸ்பைஸ்’. சரக்குக் கப்பலில் நடக்கும் இரண்டு பாகக் கதை. பக் ஹென்றிக்கும் லெனர்ட் ஸ்டெர்னுக்கும் எழுத்துக்கான எம்மி வாங்கித்தந்தது. காரணம் எளிது. மேக்ஸையே தூக்கிவிட்டாலும் இது ஓடக்கூடிய துப்பறியும் கதை, பயணிகள் ஒவ்வொருவர் மேலும் நியாயமான சந்தேகம் வருகிறது. அப்படிப்பட்ட கதைக்குள் மேக்ஸை இறக்கிவிட்டால் அவன் செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் விளைவு உண்டு. நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்த எபிசோடுகளில் இது கிடைக்காது. ‘தி டெட் ஸ்பை ஸ்க்ரால்ஸ்’ பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நடப்பது. அதில் கேயாஸின் ஆளாக வருபவர் லெனர்ட் நிமாய். அதே 1966இல்தான் ‘ஸ்டார் ட்ரெக்’கில் ஸ்பாக் ஆனார். ‘அவர் மேன் இன் டாய்லேண்ட்’ கடைசிச் சண்டைக்காக மட்டும் பார்க்கலாம், பொம்மைக் கடைச் சாமான்களை வைத்தே மோதிக்கொள்கிறார்கள்.

ஹைமி என்ற ரோபோ அறிமுகமாவது ‘பேக் டு தி ஓல்ட் டிராயிங் போர்ட்’ எபிசோடில். டிக் காட்டியே நடித்தது. சொன்னதைச் சொன்னபடியே செய்கிற இயந்திரம். ஆங்கிலத்தில் விளக்கை அணைக்கச் சொல்லப் பேச்சு வழக்கில் ‘விளக்கைக் கொல்’ என்பார்கள். ஹைமி துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறான். தமிழில் எழுதியிருந்தால் ‘விளக்கை அணை’ என்றதும் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்! ஹைமி வரும் இடங்களில் ஆங்கில வசனத்தோடு ஆங்கில சப்டைட்டிலும் வைத்துக்கொள்வது நல்லது. சிலேடையை மொழிபெயர்த்தால் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்றே புரியாது. ஹைமி எபிசோடுகளில் இன்னொரு அழகு, ரோபோவைவிட மேக்ஸ்தான் யந்திரமாகத் தெரிவான். ஹைமிக்கு மனசு நோகும், மேக்ஸுக்கு உறைக்கவே உறைக்காது.

முதல் சீசனில் தாண்டவேண்டியவையும் உண்டு. ‘டிப்ளமேட்ஸ் டாட்டர்’ எபிசோடில் வரும் ‘தி கிளா’ என்ற வில்லனுக்கு ஒரே ஒரு நகைச்சுவைதான்: அவனால் ‘ல’ உச்சரிக்க முடியாது, ‘தி க்ரா’ என்கிறான், மேக்ஸும் அப்படியே கூப்பிட, இல்லை, ‘க்ரா’ இல்லை, ‘க்ரா’ என்று பல்லைக் கடிக்கிறான். வெள்ளைக்கார நடிகருக்கு ஆசிய வேஷம் போட்டுப் பேச வைத்தது. ஹாரி ஹூ என்ற துப்பறிவாளர் பாத்திரமும் அதே ரகம், ஜோயி ஃபோர்மன் செய்தது. இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஹாரி ஹூ புத்திசாலி, மேக்ஸ்தான் அவர் முன்னால் அசடு வழிகிறான். ‘ஹூ’ என்ற பெயரையும் ‘யார்’ என்ற கேள்வியையும் போட்டுக் குழப்பும் வசனங்களின் வேகம் அபாரம். அப்படியிருந்தும் வேஷம் உறுத்துகிறது. ‘வாஷிங்டன் 4, இண்டியன்ஸ் 3’ எபிசோடில் ராட்சத அம்பைப் பார்த்து மேக்ஸ் சொல்லும் ஒற்றை வரி பிரசித்தம். அந்த வரிக்காக 25 நிமிடம் அமெரிக்கப் பழங்குடிகளைக் கேலிப்பொருளாகப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இரண்டாம் சீசன்தான் உச்சம். காரணம் சீக்ஃப்ரீட். பெர்னி கோப்பெல் இந்த வேடத்தில் முதலில் வருவது ‘எ ஸ்பை ஃபார் எ ஸ்பை’யில். ஒரு பக்கம் ஆளைக் கடத்த, மறுபக்கமும் பதிலுக்குக் கடத்த, போட்டி முற்றிக்கொண்டே போகிற கதை. சீக்ஃப்ரீடின் பதவி என்ன தெரியுமா? மக்கள் தொடர்புக்கும் பயங்கரத்துக்குமான துணைத் தலைவர். கேயாஸ் என்பது வரிச் சலுகைக்காக டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்ட கம்பெனி. உலகத்தை அழிக்கப் புறப்பட்டவர்களுக்கும் மேலதிகாரி உண்டு, கணக்கு வழக்கு உண்டு என்று ஆனதும் மேக்ஸுக்கு ஏற்ற ஜோடி கிடைத்துவிட்டது. சீக்ஃப்ரீடும் அவனைப் போலவே ஒழுங்குப் பித்து பிடித்தவன். அடியாள் ஷ்டார்க்கர் வாயால் வண்டிச் சத்தமோ துப்பாக்கிச் சத்தமோ எழுப்பினால் போதும், காரியத்தை நிறுத்திவிட்டு, இது கேயாஸ், இங்கே அப்படியெல்லாம் செய்ய மாட்டோம் என்று அதட்டுவான். பணயக் கைதி காத்திருப்பார். கிங் மூடி செய்த அந்த ஷ்டார்க்கருடன் சீக்ஃப்ரீட் வரும் எபிசோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம்.

இதே சீசனில் டேவிட் கெட்சம் நடித்த ஏஜென்ட் 13 வருகிறார். அஞ்சல் பெட்டி, லாக்கர், சலவை இயந்திரம் என்று எங்கேயாவது ஒளிந்திருந்து தகவல் தருவது அவர் வேலை. தகவலை விடப் புலம்பல்தான் அதிகம். மூன்று பாகமாக வந்த ‘எ மேன் கால்டு ஸ்மார்ட்’ தியேட்டருக்காகத் திட்டமிட்டுப் பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது, அது நன்றாகவே தெரிகிறது. வசனமில்லாமல் விழுந்து எழுகிற காட்சிகள் நீண்டுகொண்டே போகின்றன. ஆடம்ஸின் பலம் குரல், இங்கே அதற்கு வேலையே இல்லை.

99 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்பரா ஃபெல்டன் ஆடம்ஸை விட உயரம். இருவரும் சேர்ந்து நிற்கும் ஃப்ரேமில் அவர் சற்றே தோளைத் தொங்கப் போட்டிருப்பார், இல்லையென்றால் எதன் மீதாவது சாய்ந்திருப்பார். விடையை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் 99. ஆனால் அதை மேக்ஸ் கண்டுபிடித்ததாக அவனை நம்பவிட்டு, ‘ஓ மேக்ஸ்’ என்று ஒரு மூச்சு விடுவார். அவருடைய உண்மைப் பெயர் கடைசிவரை வெளிவருவதில்லை. மூன்றாம் சீசனின் ‘99 லூசஸ் கன்ட்ரோல்’ எபிசோடில் சூசன் ஹில்டன் என்று ஒரு பெயர் வரும், அதுவும் தன் பெயரில்லை என்று முடிவில் அவரே சொல்லிவிடுகிறார்.

மூன்றாம் சீசனில் ‘தி க்ரூவி குரு’ போதும். ராக் இசையால் இளைஞர்களை மயக்கி வன்முறைக்குத் தூண்டும் ஆசாமியாக லாரி ஸ்டார்ச், 1968இன் பெரியவர்களுக்கு இளைஞர்கள் மேலிருந்த பயத்தையே வில்லனாக்கியிருக்கிறார்கள். ‘தி கிங் லிவ்ஸ்?’ ஆடம்ஸ் இரட்டை வேடம், ரொனால்ட் கோல்மன் என்ற பழைய நடிகரின் குரலில் பேசுகிறார். கோல்மனைக் கேட்டவர்களுக்கு விருந்து, கேட்காதவர்களுக்கு ஒன்றுமில்லை.

நான்காம் சீசனில் மேக்ஸுக்கும் 99க்கும் கல்யாணம், 1968 நவம்பரில். அங்கிருந்துதான் சரிவு. குடும்பம் வந்ததால் கெட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். அதுவரை 99 மேக்ஸின் தப்பை மூடி மறைப்பதற்கு ஒரு காரணம் இருந்தது: காதல், அதை அவள் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியவுமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த மறைவு போய்விட்டது. மறைப்பது இப்போது வெறும் பொறுமை. இந்தச் சீசனில் தேறுவது இரண்டு பாகமான ‘தி நாட்-ஸோ-கிரேட் எஸ்கேப்’. கன்ட்ரோல் ஆட்களைப் பிடித்துவந்து சிறைமுகாம் நடத்துகிறான் சீக்ஃப்ரீட். ஐந்தாம் சீசனில் இரட்டைக் குழந்தைகளும் வந்துவிடுகின்றன. ‘ஐஸ் ஸ்டேஷன் சீக்ஃப்ரீட்’ எபிசோடில் மேக்ஸே கிடையாது, அந்த இடத்தை நிரப்ப பில் டானாவே வருகிறார். நல்ல நடிகர்தான், ஆனால் தான் முட்டாள் என்று அவர் பாத்திரத்துக்குக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. இந்தத் தொடரில் அது ஆகாது.

பார்க்கும் முறை: ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். ‘இத்தனூண்டில் தப்பியது’, ‘சாரி சீஃப்’ போன்ற வசனங்கள் வாரத்துக்கு ஒரு முறை கேட்பதற்காக எழுதப்பட்டவை. ஐந்தை அடுக்கிப் பார்த்தால் நாலாவதில் எரிச்சல் வரும். பிரதியின் நீளத்தையும் பாருங்கள், முழு எபிசோட் சுமார் 25 நிமிடம். 22க்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் விளம்பரத்துக்காக வெட்டியது. அப்படி வெட்டும்போது முதலில் பலியாவது கதைக்குத் தேவைப்படாத சின்னச் சின்ன வசனங்கள், அதாவது பார்க்க வந்த சரக்கே அதுதான். எந்தச் சீசன் என்று தெரியாத பிரதியாக இருந்தால் டைட்டிலில் வரும் காரைக் கவனியுங்கள். சிவப்பு சன்பீம் டைகர் என்றால் முதல் இரண்டு சீசன், ஃபோக்ஸ்வாகன் கார்மன் கியா என்றால் மூன்றும் நான்கும், ஓப்பல் ஜிடி என்றால் ஐந்து.

இறுதி டைட்டில் ஓடும்போது நிறுத்திவிடாதீர்கள். தொடக்க டைட்டிலில் வந்த அதே நடைகூடத்தில் மேக்ஸ் திரும்பி நடக்கிறான், இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, கடைசிக் கதவு அவன் மூக்கைப் பிடித்துக்கொள்கிறது.