தட்சிணசித்ராவில் ஒரு மர வீடு: ஆசாரியோடு போய்ப் பார்த்தது

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், தென்னிந்தியப் பழைய வீடுகளை வைத்திருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செட்டிநாட்டு வீட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு மணி நேரம் நின்றோம். காரணம் அப்பா. குமரி மாவட்டத்தில் ஆசாரி வேலை பார்த்தவர்.

கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு அது. கேரள முதல்வராக இருந்த உம்மன் சாண்டியின் ஊர்தான். 1850-இல் கட்டியது. இடிபட இருந்த இப்படிப்பட்ட பழைய வீடுகளை வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தொழிலாளிகளை வைத்தே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1996-இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

உள்ளே நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். குனிந்து போங்கள். அப்பா கண்டுகொள்ளவே இல்லை. "மக்களே, தலையத் தேச்சது போதும். இதுல ஒரு ஆணி காட்டு பாப்போம்."

தேடினேன். என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. ஒரு பலகையின் நாக்கை இன்னொன்றின் காடிப் பள்ளத்தில் இறக்கி, குறுக்கே மர முளை அடித்து இறுக்குகிற வேலை. முளையைத் தட்டி எடுத்தால் கட்டிலைக் கழற்றுவது போலக் கழற்றலாம் என்றார். அதனால்தான் ஒரு வீடே மலை தாண்டி வர முடிந்திருக்கிறது. நெல் அறையின் பலகைகளை விரல் மடக்கித் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தேக்கு, பலா என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

எங்கள் தாத்தா வீடும் இதே வேலைப்பாடுதான். ஜேசிபி அரை நாளில் முடித்துவிட்டது. பலகை விறகு விலைக்குப் போனது. அப்பா அப்போது வளைகுடாவில் இருந்தார். போனில் சொன்னோம், "சரி" என்று மட்டும் சொன்னார்.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள். வீடுகளுக்குள் குளுமைதான், ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும்போது கடற்கரை வெயில் ஆளை வறுத்துவிடும். நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் போனோம், என் யோசனைதான். கேரள வீடுகளை முதலில் பாருங்கள், கடைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பலாம் என்றபோது அப்பாவைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால், வாசல்படிக்கட்டையின் உயரத்தைச் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தார். "அடுத்த தடவ டேப்பு எடுத்துட்டு வரணும் மக்களே."