பாட்டும் படமும் ஒரே நாள்ல பாக்கணும்னா: வியன்னாவா, சால்ஸ்பர்க்கா?

ஆஸ்திரியாவுல ஒரு நாள் மட்டும் கையில இருக்கு, இசை சம்பந்தப்பட்ட இடமும் பாக்கணும், சினிமா எடுத்த இடமும் பாக்கணும்னா எந்த ஊருக்குப் போறது? நாங்க ரெண்டுக்கும் போனோம். திரும்ப ஒரே ஒரு நாள் குடுத்தா வியன்னாதான் போவேன். சால்ஸ்பர்க் ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க, உங்க கட்சியிலயும் நியாயம் இருக்கு.

முதல்ல சால்ஸ்பர்க். அழகுல இதுக்கு மார்க் போடவே வேணாம், மலை, கோட்டை, ஆறுன்னு எங்க நின்னு எடுத்தாலும் போட்டோ. கெட்ரைடகாஸங்கிற தெருவுல 9ஆம் நம்பர் மஞ்சக் கலர் வீட்டுலதான் 1756ல மொசார்ட் பொறந்தாரு, அவரு சின்ன வயசுல வாசிச்ச வயலின் அங்க இருக்கு. ஆத்தைத் தாண்டினா அவங்க குடும்பம் அப்புறம் குடியிருந்த வீடு, அதுக்குப் பக்கத்துலயே மிராபெல் தோட்டம், அதாவது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துல டோ ரே மீ பாடி குதிப்பாங்களே அந்தப் படிக்கட்டு. நம்ம 'சாந்தி நிலையம்' பாத்து வளர்ந்த அம்மாக்களுக்கு அந்தக் கதை அந்நியமே இல்ல.

இது வரைக்கும் நடந்தே பாத்துடலாம். சிக்கல் இதுக்கு மேலதான். அந்தப் படத்துல காதலர்கள் பாடி ஆடுற கண்ணாடி மண்டபம் ஊருக்குத் தெக்க ஹெல்புருன்ல இருக்கு, பஸ் புடிக்கணும். படத்துல வர்ற ஏரிக்கரை அரண்மனை லியோபோல்ட்ஸ்க்ரோன் இப்ப ஹோட்டல், எதிர்க்கரையில நின்னு பாக்கலாம், அவ்வளவுதான். படத்துல கல்யாணம் நடக்குற சர்ச் மோண்ட்சேங்கிற ஊர்ல, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் (படத்தோட நாயகி மரியா நிஜத்துல இருந்தவங்க, அவங்களுக்குக் கல்யாணம் நடந்தது ஊருக்குள்ளயே, நோன்பெர்க் மடத்து சர்ச்ல). எல்லாத்தையும் சுத்திக் காட்டுற பஸ் டூர் இருக்கு, ஆனா சுமார் நாலு மணி நேரம், பாதி நாள் பஸ்லயே போயிடும். படம் மனப்பாடமா தெரிஞ்சவங்களுக்கு அது சொர்க்கம், பஸ்ஸே சேர்ந்து பாடும். தெரியாதவங்க ஜன்னலுக்கு வெளிய பசுமாடு பாத்துட்டு வரலாம்.

இன்னொண்ணு, அங்க மொசார்ட் ஒரு பக்கம், படம் இன்னொரு பக்கம். ரெண்டும் சேர்ற இடம்னா பாறையைக் குடைஞ்சு கட்டின ஃபெல்சன்ரைட்ஷூல அரங்கம் மாதிரி ஒண்ணு ரெண்டுதான்.

வியன்னாவுல ரெண்டும் பின்னிக்கிட்டு கிடக்கு. மோல்கர் பாஸ்டைல பீத்தோவன் பல வருஷம் குடியிருந்த பாஸ்குவாலாட்டி வீடு இருக்கு (நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முட்டி வலி உள்ளவங்க யோசிச்சுக்கங்க). 'ஃபிடேலியோ'ங்கிற ஆபராவுல (பாட்டாவே நடக்குற நாடகம்) அவரு வேலை பாத்தது அங்கதான். அங்கருந்து கீழ எறங்கினா ஷ்ரைஃபோகல்காஸ தெரு 8ஆம் நம்பர், 'தி தேர்ட் மேன்' படத்துல செத்துட்டதா எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்குற ஆளா வர்ற நடிகர் ஆர்சன் வெல்ஸ் இருட்டுல மூஞ்சி தெரிய நிக்கிற வாசல். ரெண்டுக்கும் நடுவுல நடை ஒரு நிமிஷம் கூட ஆகாது. அப்புறம் 71ஆம் நம்பர் ட்ராம் புடிச்சு சென்ட்ரல் ஃப்ரீட்ஹோஃப்ங்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போனா பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், ஸ்ட்ராஸ்னு இசையமைப்பாளர்கள் எல்லாரோட கல்லறையும் பக்கத்துப் பக்கத்துல, மொசார்ட்டுக்கு நினைவுச் சின்னம் மட்டும்தான், அவரைப் பொதைச்சது சாங்க்ட் மார்க்ஸ்ல. அதே கல்லறைத் தோட்டத்துலதான் 'தேர்ட் மேன்' கடைசி ஷாட்டும், அந்த நீள நடைபாதை. பிராட்டர் பூங்காவுல இருக்குற பெரிய ராட்டினம் (1897ல கட்டினது) அந்தப் படத்துலயும் வரும், 'பிஃபோர் சன்ரைஸ்'லயும் வரும். டிக்கெட் வெலை ஜாஸ்தி, கீழ நின்னு பாத்தாலே போதும்னு தோணுச்சு எனக்கு.

ஆனா இதெல்லாம் வெச்சு நான் வியன்னா சொல்லல. என்னை முடிவு பண்ண வெச்சது சாயங்கால நேரம்தான். மியூசியம் எல்லாம் ரெண்டு ஊர்லயும் அஞ்சு, ஆறு மணிக்குள்ள மூடிடும், அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க? இசையைத் தேடிப் போயிட்டு நாள் முழுக்க வீடும் கல்லறையும் பாத்துட்டு ஒரு பாட்டு கூட கேக்காம ரூமுக்கு வர்றது எப்படி இருக்கும்? சால்ஸ்பர்க்ல கோட்டையில கச்சேரி, டின்னரோட கச்சேரி, பொம்மலாட்ட ஆபரான்னு இருக்கு, ஆனா நான் அது எதுக்கும் போனதில்ல, ரெண்டரை மணி நேர ரயில் புடிச்சு வியன்னா திரும்ப வேண்டியிருந்துச்சு, அதனால தரம் எப்படின்னு சொல்ல மாட்டேன்.

வியன்னா ஸ்டேட் ஆபராவுல நின்னு பாக்குற டிக்கெட் இருக்கு. அன்னன்னிக்குதான் விப்பாங்க, வெலை உக்காருற சீட்டுக்குக் கிட்டக்கூட வராது. கீழ்த்தள நிக்கிற இடம் மேடைக்கு நேரா, நடுப் பெரிய பாக்ஸுக்கு அடியில, உங்களுக்கு முன்னாடி 200 யூரோவுக்கு மேல குடுத்தவங்க உக்காந்திருப்பாங்க, நீங்க அதே சத்தத்தைக் கேப்பீங்க. உள்ள போனதும் கம்பியில ஒரு துப்பட்டாவையோ மஃப்ளரையோ கட்டி இடம் புடிச்சுட்டு வெளிய போய் வரலாம், நம்மூர் பஸ்ல துண்டு போடுற அதே டெக்னிக், எல்லாரும் மதிக்கிறாங்க. கம்பியிலயே சின்ன ஸ்க்ரீன்ல சப்டைட்டில் ஓடும். இந்தக் கட்டடம் 1945ல குண்டு விழுந்து எரிஞ்சது, மூணு வருஷம் கழிச்சு 1948ல 'தேர்ட் மேன்' ஷூட்டிங் நடந்தப்போ ஊரே இடிபாடு, 1955ல ஆபரா திரும்பத் தொறந்தப்ப போட்டது அதே ஃபிடேலியோ. காலைல அந்த வீட்டையும் வாசலையும் பாத்துட்டு ராத்திரி இங்க வந்து நிக்கிறப்ப இதெல்லாம் ஒரே கதைன்னு புரியும்.

வாக்னரோட ஆபரா போடுற அன்னிக்கு வேணாம், அஞ்சு மணி நேரம் கால் தாங்காது. புச்சீனியோட ஆபரா மாதிரி சின்னதா பாருங்க, முடியலன்னா இடைவேளையில கெளம்பிடலாம். ஷார்ட்ஸ், செருப்பு வேணாம். தெருவுல மொசார்ட் விக் போட்டுக்கிட்டு டிக்கெட் விக்கிறவங்களைத் தாண்டிப் போயிட்டே இருங்க. ஆபரா புடிக்காதுன்னா கிட்டயே பர்க் கினோ தியேட்டர்ல 'தேர்ட் மேன்' இன்னமும் வாரத்துல சில நாள் ஓடுது, அந்தப் படத்துல வர்ற ஸித்தர்ங்கிற தந்தி வாத்திய இசையை தியேட்டர்லயே கேக்கலாம்.

வயசான அப்பா அம்மாவோட, இல்ல சின்னப் புள்ளைங்களோட போறவங்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். ஹெல்புருன்ல திடீர்னு தண்ணி பீய்ச்சுற விளையாட்டு நீரூற்று இருக்கு, புள்ளைங்க ஆபராவை விட அதைத்தான் கேக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல போறீங்கன்னாலும் யோசிங்க, ஆபரா அப்ப லீவு, சால்ஸ்பர்க்லதான் பெரிய இசை விழா, டிக்கெட் ரொம்ப முன்னாடியே வாங்கணும். அப்பவும் வியன்னாவுல டவுன்ஹால் முன்னாடி பெரிய திரை கட்டி ஆபராவும் கச்சேரியும் படமா போடுறாங்க, காசு கிடையாது, இருட்டினப்புறம்தான் ஆரம்பிக்கும், அதனால கடைசி ட்ராம் நேரம் பாத்து வெச்சுக்கங்க.